டார்த் வேடரைக் கெடுத்தது அடிமை வாழ்க்கையா?

நீங்கள் பழைய மூன்று ஸ்டார் வார்ஸ் படங்களை மட்டும் பார்த்தவர். டார்த் வேடர் சின்ன வயதில் அடிமையாக இருந்தவன் என்று நண்பர் சொல்லக் கேட்டு, அவன் அப்படி ஆனதற்கு அந்த வளர்ப்புதான் காரணமா, இல்லை வில்லன் மேல் பரிதாபம் வரட்டும் என்று பிற்பாடு ஒட்டவைத்த கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே அவன் மேல் இரக்கப்பட்டால் அவன் செய்ததை நியாயப்படுத்துவதாக ஆகிவிடாதா என்றும் ஒரு சந்தேகம். நீங்கள் உண்மையில் கேட்பது, கஷ்டமான குழந்தைப் பருவம் ஒருவனை இந்த அளவுக்குக் கொண்டுபோகுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பெற்றோரைப் பிரிந்து வளரும் பிள்ளைகளோடு பல வருடங்களாக வேலை செய்கிற ஆலோசகன் நான், அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். ஆறு படங்களில் திரையில் வருவதை மட்டும் வைத்துப் பேசுகிறேன். நாவல், காமிக்ஸ், கார்ட்டூன் தொடர் எல்லாவற்றையும் இழுத்தால் இது முடியாது.

ஒட்டவைத்த கதையா என்றால், ஆமாம், ஓரளவுக்கு. 1977-இல் வந்த முதல் படத்தில் வேடருக்குக் குழந்தைப் பருவமே கிடையாது. அவன் ஒபி-வான் என்ற ஜெடையிடம் (ஒரு மாயசக்தியைப் பழகிய வீரர்கள்தான் ஜெடைகள்) படித்துவிட்டுத் துரோகம் செய்தவன், கதாநாயகன் லூக்கின் அப்பாவைக் கொன்றவன் என்றுதான் அதில் சொல்லப்படுகிறது. அப்பாவே அவன்தான் என்பது 1980-இல் வருகிறது. சிறுவனாக அவன் திரைக்கு வருவது 1999-இல். ஆனால் பிற்பாடு எழுதியதாலேயே அது யோசிக்காமல் எழுதியது என்று ஆகிவிடாது. ஜார்ஜ் லூகஸ் முதலில் அந்தப் பையனுக்கு 12 வயது என்று வைத்திருந்தார், அப்புறம் 9 ஆகக் குறைத்தார். அம்மாவைப் பிரிவது 12 வயதுப் பையனுக்கு அவ்வளவு பெரிய அடியாகத் தெரியாது என்பதுதான் காரணம். அதாவது கதையை எழுதியவரே காயத்தை அடிமைத்தனத்தில் வைக்கவில்லை, பிரிவில் வைத்திருக்கிறார். உங்கள் நண்பர் சொன்ன கதையில் இந்தப் பாதி விடுபட்டுப் போயிருக்கிறது, என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியமான பாதி.

முதலில் அடிமை வாழ்க்கையைப் பார்த்துவிடலாம். வேடரின் சின்ன வயதுப் பெயர் அனகின் ஸ்கைவாக்கர், அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ஷ்மியும் அவனும் ஹட் என்ற இனத்தைச் சேர்ந்த கார்டுல்லாவின் சொத்து. அனகினுக்கு மூன்று வயது இருக்கும்போது டாட்டூயின் கிரகத்துக்கு வருகிறார்கள். கார்டுல்லா பந்தயத்தில் பணயம் வைத்துத் தோற்றதால் வாட்டோ என்ற பழைய உதிரிப்பாக வியாபாரிக்குக் கைமாறுகிறார்கள். அடிமைகளின் உடம்புக்குள் ஒரு கருவி வைத்திருப்பார்கள், தப்பி ஓடினால் வெடிக்கும், அது எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஒன்பது வயதுப் பையன் இதை விருந்தாளிகளிடம் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொல்கிறான். அதே பையன், நீ அடிமையா என்று பத்மே (பிற்பாடு அவன் மணக்கப்போகிறவள்) கேட்டதும் சட்டென்று முகம் மாறி, நான் ஒரு மனுஷன், என் பேர் அனகின் என்கிறான். வெடிகுண்டைப் பற்றி நிதானமாகப் பேச முடிகிறவனுக்கு அந்த ஒரு கேள்வி சுடுகிறது. அவமானம் இப்படித்தான் வெளியே வரும். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட பிள்ளைகள் ஏதோ ஒரு சின்னச் சொல்லுக்குத்தான் வெடிப்பார்கள்.

இவ்வளவு இருந்தும் அந்தப் பையன் கெட்டுப்போனவன் இல்லை, படம் இதை ரொம்பத் தெளிவாகக் காட்டுகிறது. மணல்புயலில் மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குக் கூட்டிவருகிறான். அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு ரோபோவைத் தானே செய்கிறான். யாரோ ஒருவருடைய கப்பலுக்கு உதிரிப்பாகம் வாங்க, உயிரைப் பணயம் வைத்து ரேஸ் ஓட்டத் தயாராகிறான். பேராசை என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது என்று ஷ்மி சொல்கிறாள். எங்கள் துறையில் பாதுகாப்பான பற்று என்று சொல்வோமே, அது அவனிடம் இருக்கிறது. வெளியே உலகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வீட்டுக்குள் நம்பக்கூடிய ஒரு ஆள் இருந்தால் பிள்ளை பெரும்பாலும் நிமிர்ந்து நின்றுவிடும். ஹவாயில் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல, அக்கறையுள்ள பெரியவர்களாக வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, நிலையாக அன்பு காட்டிய ஒரு பெரியவராவது கூட இருந்தது. அனகினுக்கு ஷ்மி இருந்தாள்.

அப்புறம் அந்த ஒரு ஆளை எடுத்துவிடுகிறார்கள். குவை-கான் என்ற ஜெடை வாட்டோவோடு பந்தயம் கட்டி அனகினை விடுவிக்கிறார், அம்மாவையும் சேர்த்து விட வாட்டோ ஒத்துக்கொள்வதில்லை. யாருக்கு விடுதலை என்பது ஒரு பகடைக்கட்டையின் நிறத்தில் முடிவாகிறது. (குவை-கான் அந்தக் கட்டையைத் தன் சக்தியால் திருப்பிவிடுகிறார், அதையும் மறக்கக் கூடாது.) பையனிடம் போகிறாயா என்று கேட்கிறார்கள். இதைத் தேர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கனவு கண்ட வாழ்க்கையை ஒரு கையிலும் அம்மாவை இன்னொரு கையிலும் வைத்து ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எடுத்துக்கொள் என்றால், எதை எடுத்தாலும் மற்றதை விட்டது நான்தான் என்ற குற்றவுணர்ச்சி அவனிடம்தான் தங்கும். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தவன் திரும்பி ஓடிவந்து என்னால் முடியவில்லை அம்மா என்கிறான், திரும்பி வந்து உன்னை விடுவிப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். ஷ்மி திரும்பிப் பார்க்காமல் போ என்கிறாள். அவள் நிலைமையில் வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்த காட்சிகளை எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று தோன்றும். ஜெடைகளின் தலைமைக் குழுவான கவுன்சில் பையனைச் சோதிக்கிறது. எப்படி இருக்கிறது என்று மூத்த குரு யோடா கேட்கிறார், குளிருகிறது என்கிறான். உன் நினைவெல்லாம் அம்மாவிடம் இருக்கிறது என்கிறார் ஒருவர், ஆமாம் அவளைத் தேடுகிறது என்கிறான். அவளை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறாய் என்கிறார் யோடா. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பையன் கேட்க, பயம் கோபமாகும், கோபம் வெறுப்பாகும், வெறுப்பு துன்பமாகும் என்ற அந்தப் புகழ்பெற்ற வசனம் வருகிறது. கவனித்தால், அவர்கள் கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி. அந்த அறையில் இருக்கிற எல்லோரும் பிரச்சினை என்னவென்று தெரிந்தவர்கள். ஆனால் தெரிந்துகொண்டதை வைத்து எதுவும் செய்யவில்லை, வயது அதிகமாகிவிட்டது என்று முதலில் ஒதுக்குகிறார்கள், பிறகு சேர்த்துக்கொள்ளும்போதும் அம்மாவைப் பற்றி ஒரு ஏற்பாடும் கிடையாது. அம்மாவை நினைப்பது ஒரு ஆபத்தான குணம் என்பதுதான் அந்தப் பையன் அன்று கற்றுக்கொண்ட முதல் பாடம். பிள்ளைகள் இந்த மாதிரிப் பாடத்தை ரொம்ப வேகமாகக் கற்பார்கள். நினைப்பதை விடமாட்டார்கள், சொல்வதை விட்டுவிடுவார்கள்.

பிரிவு பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்டால் ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1944-இல் வெளியிட்ட ஆய்வில் அவர் திருட்டில் மாட்டிய 44 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் யார் மேலும் பற்றில்லாதவர்கள் என்று அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர் சின்ன வயதில் அம்மாவைவிட்டு நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். ரொம்பக் காலம் இதைப் பெரிய ஆதாரமாகக் காட்டினார்கள். ஆனால் எண்ணிக்கை சின்னது, பிள்ளைகளை வகைப்படுத்தியதும் பவுல்பியேதான், 1972-இல் மைக்கேல் ரட்டர் என்ற இன்னொரு மனநல மருத்துவர் இந்த மொத்த விஷயத்தையும் மறுபடி அலசி, பிரிவு என்பது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, பிரிவுக்கு முன்னால் உறவு எப்படி இருந்தது, பிரிந்தபின் யார் கவனித்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். என் அனுபவமும் ரட்டர் பக்கம்தான். பிரிந்த பிள்ளைகள் எல்லோரும் உடைந்துபோவதில்லை. பிரிந்தபின் அழ இடமில்லாமல் போன பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை வரும்.

அனகினுக்கு அழ யார் இருந்தார்கள்? அவனை நம்பிக் கூட்டிவந்த குவை-கான் சில நாட்களிலேயே கொல்லப்படுகிறார். அவருடைய சீடன் ஒபி-வான், சாகும் குருவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பையனை ஏற்கிறார். அவரே அப்போதுதான் பயிற்சி முடித்தவர், துக்கத்தில் இருப்பவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது, பொறுமையும் பாசமும் உள்ள ஆள். ஆனால் ஒரு இடத்தில் இருவருக்கும் கணக்கு பொருந்தவே இல்லை. புதிய மூன்று படங்களில் இரண்டாவதில் அனகின் அவரிடம், எனக்கு அப்பா மாதிரி இருப்பது நீங்கள்தான் என்கிறான். மூன்றாவது படத்தின் முடிவில், எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது ஒபி-வான், நீ எனக்குத் தம்பி மாதிரி இருந்தாய் என்கிறார். பையனுக்குத் தேவைப்பட்டது அப்பா, அவருக்குக் கொடுக்க முடிந்தது அண்ணன். யாருடைய குற்றமும் இல்லை என்றாலும் அந்த இடம் காலியாகவே இருந்தது, அங்கே வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அதற்கு வருகிறேன்.

நடுவில் பத்து வருடம். இந்தப் பத்து வருடத்தில் ஒருவர்கூட ஷ்மியைப் போய்ப் பார்க்கவில்லை, விடுவிக்க முயலவும் இல்லை. பத்மே ஒரு கிரகத்துக்கே அரசி, அந்தப் பையன் இல்லாவிட்டால் அவளுடைய கப்பல் டாட்டூயினைவிட்டுக் கிளம்பியிருக்காது. குடியரசில் அடிமை முறைக்குச் சட்டப்படி தடை, ஆனால் அந்தச் சட்டம் டாட்டூயின்வரை எட்டாது. இது கதையில் இருக்கிற ஓட்டை என்று பல ரசிகர்கள் கேலி செய்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய காரியங்களில் இருக்கும் நிறுவனங்கள் ஒரு பிள்ளையின் அம்மாவை மறந்துபோவது, நான் பார்த்த வரையில், நம்ப முடியாத விஷயமே இல்லை. கடைசியில் அவளை வாங்கி விடுதலை செய்து மணந்துகொள்கிறவர் கிளெக் லார்ஸ் என்ற சாதாரண விவசாயி.

இருபது வயதை எட்டும் நேரத்தில் அனகினுக்கு அம்மா வலியில் துடிப்பதாகக் கனவு வருகிறது. ஒபி-வானிடம் சொல்கிறான், கனவுகள் காலப்போக்கில் போய்விடும் என்று பதில் வருகிறது. பிறகு தானே கிளம்பிப் போகிறான். அதற்குள் டஸ்கன்கள் என்ற பாலைவனக் கூட்டத்தார் அவளைக் கடத்தி ஒரு மாதம் ஆகிவிட்டது, அவன் கையிலேயே உயிரை விடுகிறாள். அவன் அந்தக் குடியிருப்பில் இருந்த ஆண்களை மட்டுமல்ல, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றுவிடுகிறான். பத்மேயிடம் அவனே இதைச் சொல்கிறான். அவள் ஆறுதல் சொல்கிறாள், அதோடு சரி. எங்கோ தூரத்தில் யோடா தியானத்தில் அவனுடைய வலியை உணர்கிறார், அதுவும் அதோடு சரி. திரையில் அதற்குமேல் யாரும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்பதாகக் காட்சி இல்லை. கேட்டிருந்தால் தண்டனை கிடைத்திருக்கும், கிடைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இத்தனை பேரைக் கொன்ற பிறகும் எதுவும் நடக்காதது மாதிரி வாழ்க்கை தொடர்வது ஒரு இளைஞனுக்குக் கருணை ஆகாது.

அந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்ட ஒரே பெரியவர் பால்படீன், பிற்பாடு பேரரசராகப்போகிற அரசியல்வாதி. 1999 படத்தின் முடிவிலேயே பையனின் தோளில் கைவைத்து, உன் வளர்ச்சியை ஆர்வமாகக் கவனிப்போம் என்கிறார். இரண்டாவது படத்தில், நீ யோடாவையே மிஞ்சுவாய் என்று புகழ்கிறார். மூன்றாவதில், ஆயுதம் இழந்து நிற்கிற கைதியை அனகின் கொன்றுவிட்டுத் தப்பு செய்துவிட்டேன் என்று தயங்கும்போது, இது இயல்புதானே, இது முதல் தடவையா என்ன, அம்மாவையும் டஸ்கன்களையும் பற்றி நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்கிறார். பிள்ளைகளை வசப்படுத்துகிறவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கே இருக்கிறது: அவசரமில்லாமல் வருடக்கணக்கில் பழகுவது, மற்றவர்கள் மதிக்காத இடத்தில் மதிப்பது, ரகசியத்தை வாங்கி வைத்துக்கொள்வது, குற்றவுணர்ச்சி எழும்போதெல்லாம் அதைத் தட்டிக் கொடுத்துத் தூங்கவைப்பது, கடைசியில் உன்னைப் புரிந்துகொண்டது நான் ஒருவன்தான் என்ற இடத்துக்குக் கொண்டுவருவது. பத்மே பிரசவத்தில் இறப்பதாகக் கனவு வந்ததும் அனகின் முதலில் போவது யோடாவிடம்தான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யாரைப் பற்றிய கனவு என்று சொல்லாமல் கேட்கிறான், ஏனென்றால் ஜெடைகளுக்குக் கல்யாணம் கூடாது, அவனுடைய கல்யாணமே ரகசியம். எதை இழக்கப் பயப்படுகிறாயோ அதையெல்லாம் விடப் பழகு என்கிறார் யோடா. அம்மாவின் கனவை அலட்சியம் செய்து அம்மாவையே இழந்தவனிடம் சொல்கிற வார்த்தையா இது? பால்படீனோ, சாவைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது என்று ஆசை காட்டுகிறார்.

இதுவரை சொன்னதில் சம்பவங்கள் உறுதி, திரையில் இருக்கின்றன. அவற்றை இணைத்து நான் சொல்கிற காரணம் ஒரு வாசிப்பு. ஒரு கற்பனைப் பாத்திரத்தை அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க முடியாது. 2011-இல் பிரான்ஸில் துலூஸ் நகரத்து மனநல மருத்துவர்கள் சிலர் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில், அனகினுக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு இருந்திருக்கலாம் என்றார்கள். அதற்கு உரிய 9 அடையாளங்களில் 5 இருந்தால் போதும், அவனிடம் 6 இருப்பதாக அவர்களுடைய கணக்கு. கைவிடப்படுவோம் என்ற பயம், கட்டுக்கடங்காத கோபம், தான் யார் என்பதிலேயே தடுமாற்றம் என்று பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது, மாணவர்களுக்கு விளக்கவும் உதவும். ஆனாலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் துன்புறுத்துவதில்லை, தங்களைத்தான் துன்புறுத்திக்கொள்கிறார்கள். ஒரு பெரிய வில்லனின் பெயரோடு அது ஒட்டிக்கொள்வது அவர்களுக்கு நல்லதில்லை. இன்னொன்று, அவனுக்குள் ஒரு கோளாறு என்று எழுதிவிட்டால் சுற்றியிருந்த பெரியவர்கள் செய்யாமல் விட்டதெல்லாம் பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

சரி, பொறுப்பு யாருடையது? இங்கே எனக்குக் குழப்பமே இல்லை. அமெரிக்காவில் கேத்தி விடம் என்ற ஆய்வாளர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவு உள்ள 908 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். அவர்களில் 26 சதவீதம் பேர் சிறார் வயதில் கைதாகியிருந்தார்கள், அப்படிப் பாதிக்கப்படாத பிள்ளைகளில் 17 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் 100 பேரில் 74 பேர் கைதாகவில்லை. கஷ்டப்பட்டு வளர்ந்தவர்களெல்லாம் ஆபத்தானவர்கள் என்று பேசுவது அந்த 74 பேருக்குச் செய்கிற அநியாயம். பால்படீன் பக்கம் சாய்ந்து, ஜெடைகளைக் கொல்ல அவர்களுடைய கோயிலுக்குள் நுழையும்போது அனகின் இருபதைத் தாண்டியவன், கழுத்தில் கத்தி வைத்து யாரும் அவனை அனுப்பவில்லை. நாங்கள் என்ன செய்வது என்று நம்பிக் கேட்கிற சின்னப் பிள்ளையைப் பார்த்தபடி வாளை எடுக்கிறான். அவன் ஏன் அந்த வாசல்வரை வந்தான் என்பதை அவனுடைய வளர்ப்பு விளக்கும். வாளை எடுத்தது அவன். நீங்கள் அந்த ஒன்பது வயதுப் பையனுக்காக இரக்கப்படலாம், அந்தப் பிள்ளைகளுக்காக அவனை மன்னிக்காமலும் இருக்கலாம், இரண்டும் ஒரே மனதில் தாராளமாக இருக்கும். என் வேலையில் அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

ஷ்மியையும் கூட்டிவந்திருந்தால் வேடரே வந்திருக்க மாட்டானா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். வந்திருக்கலாம். பால்படீன் அப்போதும் அங்கேயேதான் இருந்திருப்பார், அனகினுக்கு அதிகாரத்தில் இருந்த ஆசையும் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் கதைக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒருவன் இருக்கிறான். அனகினின் மகன் லூக் அதே டாட்டூயினில், ஷ்மி விடுதலைக்குப் பிறகு வாழ்ந்த அதே பண்ணையில், அவளுடைய கணவரின் மகன் ஓவனிடமும் அவர் மனைவி பெருவிடமும் வளர்கிறான். அவனுக்கும் அப்பா அம்மா இல்லை, அவனுக்கும் பொறுமை கிடையாது, சித்தப்பா வேறு கறாரான ஆள். ஆனாலும் யாரும் அவனிடம் பாசம் வைக்காதே என்று சொல்லி வளர்க்கவில்லை. பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு நண்பர்களைக் காப்பாற்றப் போகாதே என்று யோடா தடுத்தபோதும் அவன் போனான், அதற்குக் கையையும் விலையாகக் கொடுத்தான். அப்பா இப்போது மனுஷனைவிட இயந்திரம்தான் என்று ஒபி-வான் சொன்னதையும் அவன் ஏற்கவில்லை. கதை அவனைத்தான் சரி என்கிறது.

பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. புதிய மூன்றில் முதல் படத்தைத் தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து பார்க்கச் சொல்லி ரசிகர்கள் பலர் ஆலோசனை தருவார்கள், அதில் வரும் நகைச்சுவையையும் வரி விதிப்பு அரசியலையும் நினைத்தால் அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கேள்விக்கு வேண்டிய வீடு, அம்மா, பகடைக்கட்டை, கவுன்சில் அறை எல்லாம் அந்தப் படத்தில்தான் இருக்கின்றன, அதைத் தள்ளிவிட்டால் இரண்டாவது படத்தில் வருகிற இளைஞன் காரணமில்லாமல் சிணுங்குகிறவனாகத்தான் தெரிவான். 1999, 2002, 2005 என்று வெளியான வரிசையிலேயே பாருங்கள். பொறுமை குறைவு என்றால் முதல் படத்தில் கடைசிப் போர்க் காட்சிகளை வேகமாக ஓட்டிவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.